மாற்றமில்லை

மாதாமாதம் மூன்றாம் செவ்வாய்.
வைத்தியநாதன் பாலத்தடியில் வண்டியை நிறுத்தி
டேப்லெட்டின் முகத்தைத் துப்பட்டாவால் துடைக்கிறேன்.
அதே கடை. அதே பொருள். அதே எடை.
மூன்று நாள் பயிற்சியில்
சோறு போட்டுச் சொன்னது இவ்வளவுதான்.

நூருல்லா ஸ்டோர்ஸ் கல்லாவுக்குப் பின்னாலிருந்து குரல்:
"வந்துட்டாங்கபா, வெல ஏத்துற மேடம்."
நான் எழுதிவிட்டுப் போன மறுநாள்தான்
எல்லாம் ஏறுகிறதாம்.
துவரம்பருப்பு நூற்று அறுபத்து நாலு,
போன மாதம் நூற்று ஐம்பத்தெட்டு.
ஆறு ரூபாய்க்குக் காரணம் கேட்டுப் பெட்டிக்குள் எழுத வேண்டும்.
"மேல கேளுங்க" என்கிறார்.
மேலே ஃபேன்தான் சுற்றுகிறது.

பிஸ்கட் பாக்கெட் பத்து ரூபாய், மாற்றமில்லை.
திருப்பினால் ஐம்பத்தைந்து கிராம்.
பொங்கலுக்கு அறுபத்திரண்டு இருந்தது.
ஏழு கிராம் களவு போனதைக் கண்டுபிடித்து
விலையேற்றமாக மாற்றத் தெரிந்த ஒரே ஆள்
இந்தத் தெருவில் நான்.

காசிமேட்டில்
விடிவதற்கு முன் ஒரு விலை,
வெயில் ஏறினால் ஒரு விலை,
ஐஸ் தீர்ந்தால் இன்னொன்று.
படிவத்தில் இருப்பது: சங்கரா, ஒரு கிலோ, நடுத்தர அளவு.
லூர்தம்மாள் மீனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள்:
"நீயே கேளு, உன் வெல இன்னான்னு."
முந்நூற்று இருபது.
அவள் ஏலத்தில் எடுத்தது எவ்வளவென்று
என் படிவம் கேட்காது.
அது இன்னொருவருடைய படிவம்.

இன்னொருவர் இருக்கிறார்.
ஐஸ் கம்பெனியில், நைலான் வலை ஆலையில்,
கொடுங்கையூர் பிளாஸ்டிக் பட்டறையில்
சரக்கு வாசலைத் தாண்டும்போது என்ன விலை என்று
எழுதிக்கொண்டு போகிறவர்.
வேறு துறை, வேறு மாடி, வேறு வாரம்.
"போன வாரம்தான் சார் வந்துட்டுப் போனாரு" என்பார்
ஐஸ் கம்பெனி கணக்கர்.
"பாருக்குப் பன்னெண்டு ரூபா கூட்டிருக்கோம். கரண்ட் பில்லு."
ஐந்து வருடமாக
ஒரே மீனின் தலைப்பக்கம் அவர், வால்பக்கம் நான்.
நடுவில் ஏதோ உருகிப் போகிறது,
இருவர் கணக்கிலும் ஈரம் படாமல்.

தேசம்மாள் கடை இட்லி ஐந்து ரூபாய்.
இருபத்தாறு மாதமாய் மாற்றமில்லை என்றே தட்டுகிறேன்.
அதிகாரி போனில் கேட்டார்:
கடைக்குப் போகிறாயா, வீட்டிலிருந்தே எழுதுகிறாயா?
இட்லியை எடை போடச் சொல்லி விதி இல்லை.
குழியில் மாவு எவ்வளவு இறங்கிவிட்டதென்று
வயிற்றுக்குத் தெரியும்:
முன்பு மூன்று, இப்போது ஐந்து.

இந்தச் செவ்வாய் பெஞ்சில்
என் எதிரே ஆறு இட்லியோடு ஒருவர்.
தட்டுக்குப் பக்கத்தில்
என்னுடையதைப் போலவே விரிசல் விட்ட டேப்லெட்.
கழுத்து அட்டையில் பெயர் தணிகாசலம்.
"இட்லி அரிசி மூட்டைக்கு நூத்திப்பத்து ஏறிடுச்சு"
என்றார், வணக்கத்துக்குப் பதிலாக.
"உளுந்து?"
"அதக் கேக்காதீங்க. சிலிண்டர்?"
சொன்னேன்.
ஒரே நேரத்தில் இருவரும் தேசம்மாளைப் பார்த்தோம்.
ஈரத்துணியைப் பிழிந்து தட்டில் விரித்துக்கொண்டிருந்தாள்.
போன மாதம் வரை பாத்திரம் கழுவிய பையன் இல்லை.
அவன் எந்தப் படிவத்தில் வருவான்?

"ஏன் இன்னும் ஏத்தல?" என்று கேட்டுவிட்டேன்.
கேட்கக் கூடாது.
ஏறினால்தான் காரணம்.
"அஞ்சுன்னா கை தானா பாக்கெட்டுக்குப் போவுது.
ஆறுன்னா நிக்குது. யோசிக்குது.
யோசிச்சான்னா எதிர்ல டீயும் பன்னும் துன்னுட்டுப் போய்டுவான்."

தணிகாசலத்தின் விரல் திரைமேல் கொஞ்ச நேரம் நின்றது.
அவருக்கும் இதற்குப் பெட்டி இல்லை.
என்னிடம் 'குறிப்புகள்' என்று ஒரு இடம் உண்டு,
நூறு எழுத்துக்குள்.
தட்டினேன்: கை நிற்கிறது, யோசிக்கிறது.
அழித்தேன்.
மாற்றமில்லை.

"எழுதி முடிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?"
கரண்டியால் பானை விளிம்பைத் தட்டினாள் தேசம்மாள்.
"சாருக்குப் போன வாரத்து பாக்கி முப்பது.
உனுக்குப் போன மாசத்துது இருவத்தஞ்சு."